செட்டியார் விட்டுச் சென்ற நாற்காலி

கும்பகோணம் அரசினர் கலைக் கல்லூரிக்குத் "தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்" என்று ஒரு பட்டப் பெயர் உண்டு. 1854-ல் பள்ளிக்கூடமாகத் தொடங்கி, 1867-ல் கல்லூரியாக உயர்ந்த கலாசாலை அது. காவேரிக் கரையில் நிற்கும் அந்தக் கட்டடத்தில் படித்துவிட்டு வக்கீல்களாகவும் பெரிய உத்தியோகஸ்தர்களாகவும் போனவர்கள் ஏராளம். மகாகனம் சீனிவாச சாஸ்திரியாரும் அங்கே பயின்றவர்தாம்.

ஆனால் அந்தக் கல்லூரியை உலகம் நினைவில் வைத்திருப்பது வேறு இரண்டு பேரால். ஒருவர், ஒரு பட்டமும் பெறாமலே ஆசிரியராக உள்ளே வந்தவர். மற்றவர், மாணவராக வந்து பரீட்சையில் தேறாமல் வெளியே போனவர்.

வீடு தேடி வந்த வேலை

1880-ம் ஆண்டு. கல்லூரியின் தமிழ்ப் பண்டிதராக இருந்த தியாகராச செட்டியார் உடல்நலக் குறைவால் ஓய்வு பெற வேண்டியிருந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர் அவர். கண்டிப்புக்குப் பேர் போனவர். தமிழ்ப் பண்டிதர் உத்தியோகம் என்பது அந்நாளில் கல்லூரியின் கடைசிப் படி. ஆங்கிலப் பேராசிரியர் சம்பளத்துக்கும் பண்டிதர் சம்பளத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். யாரையாவது போட்டு இடத்தை நிரப்பியிருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

செட்டியார் அப்படி விட்டுவிடவில்லை. திருவாவடுதுறை மடத்தில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர்மீது அவருக்குக் கண். அதே மகாவித்துவானிடம் படித்தவர். இங்கிலீஷ் பரீட்சை எதுவும் எழுதாதவர். செட்டியார் தாமே மடத்துக்குப் போய், ஆதீனகர்த்தர் சுப்பிரமணிய தேசிகரின் சம்மதத்தை வாங்கினார். கல்லூரி பிரின்ஸிபால் கோபால ராவிடமும் எடுத்துச் சொன்னார். கல்லூரியில் அந்த இளைஞரைப் பாட்டுச் சொல்லிப் பொருள் விளக்கச் செய்து கேட்டார்கள். சான்றிதழ் கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்! 1880 பிப்ரவரியில் வேலை கிடைத்தது.

அந்த இளைஞர்தாம் உ.வே.சாமிநாதையர்.

அதே ஆண்டு அக்டோபரில், ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை அவர் சந்தித்தார். தாம் படித்த அந்தாதிகளையும் கலம்பகங்களையும் புராணங்களையும் வரிசையாகச் சொன்னார். முதலியார் அசையவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்டார். ஐயரிடம் பதில் இல்லை.

சிந்தாமணி ஜைன காவியம். சைவ மடத்தில் வளர்ந்தவருக்கு அதன் சமயக் கருத்துக்கள் புரியவில்லை. கும்பகோணத்திலேயே வசித்த ஜைனர்களிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887-ல் சீவகசிந்தாமணி வெளிவந்தது. 1889-ல் பத்துப்பாட்டு, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை. இவ்வளவும் அந்தக் கடைசிப் படியில் உட்கார்ந்தபடியே, வகுப்பு முடிந்த வேளைகளில் செய்த வேலை. கல்லூரி அவரை ஆராய்ச்சி செய்யச் சொல்லவில்லை. நிலையான ஒரு வேலையைக் கொடுத்தது. அவரும் 1903 வரை அங்கே இருந்தார்.

அடுத்த ஆண்டு வந்தவர்

அவர் சென்னை மாநிலக் கல்லூரிக்குப் போன மறு வருஷம், 1904-ல், சாரங்கபாணி சன்னதித் தெருப் பையன் ஒருவன் எப்.ஏ. வகுப்பில் சேர்ந்தான். கணிதத்தில் சூரப்புலி, உபகாரச் சம்பளமும் கிடைத்தது. மற்றப் பாடங்களில் மனம் செல்லவில்லை. தேறவில்லை. உபகாரச் சம்பளம் நின்றது. 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறிவிட்டான். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் எப்.ஏ. கைகூடவில்லை. அந்த இராமானுஜனுக்கு 1916-ல் பட்டம் கொடுத்தது அசல் கேம்பிரிட்ஜ்.

கும்பகோணத்து ஆசிரியர்கள்மீது பழி சொல்ல இடமில்லை. பையனின் கெட்டிக்காரத்தனம் அவர்களுக்குத் தெரியாமல் இல்லை, விதி அப்படி. எல்லாப் பாடத்திலும் தேற வேண்டும். பண்டிதருக்காகச் சான்றிதழைப் பார்க்காதிருக்க முடிந்த கல்லூரிக்கு, மாணவனுக்காக அப்படிச் செய்ய வழி இல்லை. இன்றைய பையனாக இருந்தால் நாலு அரியரோடு அடுத்த வகுப்புக்குப் போயிருப்பான்!

இன்று அந்தக் கல்லூரி தன்னாட்சி பெற்றது. பாடத்திட்டத்தையும் பரீட்சையையும் தானே வகுத்துக்கொள்ளலாம். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரின் பிள்ளைகள், நடவுக்கும் அறுப்புக்கும் போகும் குடும்பத்துப் பிள்ளைகள், வீட்டில் முதல் பட்டதாரியாக வருகிற காலம் இது. இராமானுஜன் விஷயத்தில் கட்டியிருந்த கை இப்போது அவிழ்ந்திருக்கிறது.

செட்டியார் விஷயத்தில்தான் கட்டு விழுந்துவிட்டது. அரசுக் கல்லூரியில் ஒரு நாற்காலி காலியானால், அதற்கு ஆள் பார்க்கிற பொறுப்பு பிரின்ஸிபாலிடமும் இல்லை, ஓய்வு பெறுகிற ஆசிரியரிடமும் இல்லை. சிபாரிசுக்கு இடம் கொடாமல் இருக்க அது நல்லதுதான். சென்னையில் ஆசிரியர் தேர்வு வாரியம் பார்த்துக்கொள்கிறது. அது 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு விண்ணப்பம் கேட்டது. அந்த ஆகஸ்டில் நடப்பதாக இருந்த தேர்வு தள்ளிப்போயிற்று. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் இப்படிக் காலியாகக் கிடந்த இடங்களின் வகுப்புகளைப் பல ஆண்டுகளாகக் கௌரவ விரிவுரையாளர்கள் நடத்தி வந்திருக்கிறார்கள். படிப்பில் அவர்கள் குறைந்தவர்கள் அல்லர். முனைவர் பட்டம் பெற்றவர்களும் பலர். அடுத்த வருஷம் வேலை உண்டா என்பது தெரியாமல் பாடம் நடத்துகிறார்கள். சிந்தாமணியை அச்சுக்குக் கொண்டுவர சாமிநாதையருக்கு ஏழு வருஷம் பிடித்தது.