லியோனார்டோ தயாரித்த மனு

டிஸைன் படித்துவிட்டு உத்தியோகம் தேடுகிறீர்களா? மனு எழுத உட்காருமுன் ஒரு பழைய கதையைக் கேளுங்கள்.

சுமார் 1482-ஆம் வருஷம். லியோனார்டோ டாவின்சிக்கு வயது ஏறக்குறைய 30. மிலான் நகரை ஆண்ட லுடோவிகோ ஸ்போர்ஸாவிடம் வேலை கேட்டு அவர் ஒரு கடிதம் தயாரித்தார். அதன் வரைவு இன்றும் மிலானில் அம்ப்ரோஸியானா நூல்நிலையத்தில் இருக்கிறது.

அதில் அவர், "நான் ஒரு சித்திரக்காரன்" என்று ஆரம்பிக்கவே இல்லை! எளிதில் தூக்கிச் செல்லும் பாலம், பீரங்கி, மூடிய போர் வண்டி என்று இலக்கமிட்டு அடுக்கினார். சித்திரமும் சிற்பமும் கடைசியில்தான் வருகின்றன. லுடோவிகோவின் கவலையெல்லாம் யுத்தம் அல்லவா? சந்தேகமிருந்தால் செய்தே காட்டுவதாகவும் சொல்லி முடித்தார்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். புத்தகப் பதிப்பகத்துக்கு எழுதினால், நீங்கள் போட்ட அட்டைப் படங்கள் முதலில் வரட்டும். செல்போன் செயலி தயாரிக்கும் கம்பெனி என்றால், நீங்கள் அமைத்த திரைகள் முன்னே நிற்கட்டும். பலர் சேர்ந்து செய்த வேலையில் உங்கள் பங்கு எது என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். பேட்டியில் அதைத்தான் துருவிக் கேட்பார்கள். செய்து காட்டுவதற்குப் பதிலாகத் தேர்ந்தெடுத்த சில வேலைகளை மட்டும் போர்ட்ஃபோலியோவாக இணையுங்கள்.

மனு ஒரு பக்கம் போதும். ஐந்து வர்ணமும் பூவேலையும் வேண்டாம். சொந்த மனுவையே படிக்க முடியாமல் செய்தவரிடம் யார் வேலையை ஒப்படைப்பார்கள்?

லியோனார்டோவின் ஆசை வீணாகவில்லை. பிற்பாடு அதே லுடோவிகோவுக்காகத்தான் 'கடைசி விருந்து' சித்திரத்தைத் தீட்டினார்!