சக்கரத்தைக் கட்டு!

முறிகண்டியில் நிற்காமல் போகிற வாகனம் ஏ9 வீதியில் குறைவு. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் ஒரு சரை வாங்கிக்கொண்டுதான் சாரதிமார் கிளம்புவார்கள். அடுத்த முறை அங்கே இறங்கும்போது, கார் ஏற்றிய லொறி ஏதும் நிற்கிறதா என்று பாருங்கள், பிள்ளைகளே. நின்றால், அந்தக் காரை எந்த இடத்தில் கட்டியிருக்கிறார்கள் என்று தள்ளி நின்று கவனியுங்கள். கூரைக்கு மேலால் கயிறு போகாது. அகலமான பட்டிகள் நான்கு ரயர்களையும் கவ்விப் பிடித்திருக்கும்.

ஏன் சக்கரம்? நிற்கிற கார் ஒன்றின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் அமத்திவிட்டுப் பாருங்கள். தாழ்ந்து எழும்பும். காரின் உடல் ஸ்பிறிங்குகளுக்கு மேல்தானே இருக்கிறது! லொறி குழியில் விழுந்தாலும் இதேதான் நடக்கும். உடலில் கட்டியிருந்தால், அது தாழும் ஒவ்வொரு தடவையும் பட்டி தொய்யும். கொழுக்கி கழன்றும் விடலாம். சக்கரத்தை லொறித்தட்டோடு இறுக்கிவிட்டால், உடல் தன்பாட்டில் குதிக்கட்டும், பட்டி அசையாது.

சைக்கிள் கரியரில் நெல் மூட்டையைப் பழைய ரியூப்பால் கட்டுகிறோமே, அது காருக்குப் போதாதா? போதாது. றப்பர் இழுபடும். லொறி மணிக்கு 60 கிலோமீற்றரில் ஓடினால், மேலே இருக்கும் காரும் செக்கனுக்கு ஏறக்குறைய 17 மீற்றர் ஓடுகிறது. மாடு குறுக்கே வந்து சாரதி பிறேக்கை மிதித்தால் நிற்பது லொறிதான். கார் முன்னுக்குப் போகவே பார்க்கும். இதுதான் சடத்துவம். ஐரோப்பியத் தரவிதி, சுமையின் எடையில் 80 வீதமான விசையை முன்பக்கம் தாங்கும்படி கட்டச் சொல்கிறது. 1000 கிலோ காரென்றால் 800 கிலோவின் பாரம்! பக்கங்களுக்கும் பின்னுக்கும் 50 வீதம் போதும். லொறி வேகமெடுப்பது மெல்ல மெல்ல, நிற்பது சடாரென்று அல்லவா? அதனால்தான் அதிகம் இழுபடாத பொலியெஸ்ரர் பட்டி.

காரை லொறியில் ஏற்றாமல், கயிறு கட்டி வீதியில் இழுத்துப் போனால் என்ன? என்ஜின் ஓடாத காரில் பிறேக்கும் ஸ்ரியறிங்கும் இறுகிப்போகும். இப்போது நம் வீதிகளில் நிறைய ஓடுகிற ஹைபிரிட் காரில் இன்னொரு சிக்கல்: முன்சக்கரம் உருண்டால் உள்ளிருக்கும் மோட்டரும் சுழன்று மின்னை உண்டாக்கும். பழுதாகலாம், தீயும் பிடிக்கலாம். அதை நான்கு சக்கரமும் நிலத்தில் படாமல் ஏற்றிச் செல்வதே நல்லது.

கச்சான் சரையைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, சாரதி லொறியை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார், பாருங்கள். வந்த தூரத்தில் குலுங்கிக் குலுங்கிப் பட்டி ரயரில் நன்றாகப் படிந்திருக்கும். அந்த அளவுக்குத் தொய்ந்துமிருக்கும். ஒவ்வொரு பட்டியையும் விரலால் அமத்திப் பார்க்கிறார். பின்சக்கரத்துப் பட்டியில் கொஞ்சம் இளக்கம். இறுக்கியின் கைப்பிடியை மேலும் கீழும் ஆட்டுகிறார். டக், டக்.