பிறந்தநாள் கச்சேரி – 9: செப்டம்பர் 23

சென்ற வாரம் டியூக் எலிங்டனையும் வில்லி நெல்சனையும் ஏப்ரல் 29-ல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தோம். நெல்சன் பிறந்தது நள்ளிரவுக்குச் சற்று முன்பு, பதிவேட்டில் ஏறியதோ 30 என்று அதில் ஒரு சின்ன வழக்கு இருந்தது. இந்த வாரம் வழக்கு வம்பு எதுவும் இல்லை. 1926 செப்டம்பர் 23, வட கரோலினாவின் ஹேம்லெட் என்ற ரயில்வே ஊரில் ஜான் கோல்ட்ரேன். 1930-ல் அதே தேதி, ஜார்ஜியாவின் ஆல்பனியில் ரே சார்ல்ஸ். 1949-ல் மறுபடி அதே தேதி, நியூ ஜெர்சியின் லாங் பிராஞ்சில் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன்.

எண்கணிதக்காரர்கள் உடனே இரண்டையும் மூன்றையும் கூட்டி, ஐந்து, புதன் ஆதிக்கம் என்று ஆரம்பித்துவிடுவார்கள். அவர்களை வாசலோடு அனுப்பிவிடலாம். இதே தேதியில் பிறந்து, தாலாட்டுகூடச் சுருதியோடு பாட வராதவர்கள் உலகத்தில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். எனக்கு இந்தத் தேதி பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. இசைத்தட்டுக் கடைக்காரர் இந்த மூன்று பேரையும் மூன்று மூலைகளில் அடுக்கி வைத்திருப்பார். ஜாஸ் பக்கம் போகிறவர் ராக் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் வாழ்க்கையில் இவர்கள் அப்படி மூலைக்கு மூலை உட்கார்ந்திருக்கவில்லை.

ஜாஸ், கன்ட்ரி, ராக் மூன்றையும் ஒரே தேதியில் உட்கார வைப்பதுதானே நம் விளையாட்டு. கோல்ட்ரேன் ஜாஸ், ஸ்பிரிங்ஸ்டீன் ராக், சரி. கன்ட்ரி யார்? ரே சார்ல்ஸ்தான். அவர் சோல் இசைக்காரர் அல்லவா என்று கேட்பீர்கள். கேளுங்கள். இந்த வாரக் கதையே அதுதான்.

அலமாரிகளை முதலில் அடித்தது யார் என்று பார்த்துவிடுவோம். 1920-களில் அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனிகள் தென்மாநிலங்களில் சரக்கு விற்க இரண்டு விலைப்பட்டியல்கள் போட்டன. கறுப்பர்கள் வாங்குவதற்கு ‘ரேஸ்’ தட்டுகள். வெள்ளைக்கார கிராமத்தார் வாங்குவதற்கு ‘ஹில்பில்லி’ தட்டுகள். பாடுகிறவர்கள் அடுத்தடுத்த தெருக்காரர்களாக, ஒரே பாட்டைப் பாடுகிறவர்களாக இருந்தாலும் பட்டியல் வேறுதான். 1930 ஜூலையில் ஹாலிவுட்டில் ஒரு பதிவு நடந்தது. கன்ட்ரி இசையின் தந்தை என்று பின்னால் பெயர் வாங்கிய ஜிம்மி ராட்ஜர்ஸ் பாட, லூயி ஆம்ஸ்ட்ராங் டிரம்பெட் வாசித்தார். பியானோவில் ஆம்ஸ்ட்ராங்கின் மனைவி லில். தட்டின் மேல் ஆம்ஸ்ட்ராங்கின் பெயர் இல்லை. அலமாரி குழம்பிவிடுமே! அந்தப் பதிவு முடிந்து இரண்டு மாதத்தில் பிறந்தவர்தான் ரே சார்ல்ஸ்.

‘ரேஸ்’ என்ற சொல் காலப்போக்கில் உறுத்த ஆரம்பித்தது. 1949 ஜூனில் ‘பில்போர்டு’ பத்திரிகை அதை எடுத்துவிட்டு ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’ என்று போட்டது. அந்தப் பெயரைக் கொடுத்தவர் அங்கே வேலை பார்த்த ஜெரி வெக்ஸ்லர். சில ஆண்டுகளில் அவர் அட்லாண்டிக் கம்பெனிக்குப் போய் ரே சார்ல்ஸுக்கே தயாரிப்பாளர் ஆனார். ‘ஹில்பில்லி’யும் ‘கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்’ என்று மரியாதையாக மாறியது. பெயர்ப்பலகை மாறியது, சுவர் மாறவில்லை. ஸ்பிரிங்ஸ்டீன் பிறந்தது அதற்கு மூன்று மாதம் கழித்து.

ரே வளர்ந்தது ஃபுளோரிடாவின் கிரீன்வில். வறுமை என்று ஒரு சொல்லில் அடக்க முடியாத வறுமை. ஐந்து வயதில் தம்பி சலவைத் தொட்டிக்குள் விழுந்து மூழ்கியதைப் பார்த்தார். ஏழு வயதுக்குள் கண் போயிற்று. செயின்ட் அகஸ்டீனில் காது கேளாதோர், பார்வையற்றோர் பள்ளியில் தாய் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கேயும் கறுப்புப் பிள்ளைகளுக்குத் தனி இடம், வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனி இடம். கண் தெரியாத குழந்தைகளை நிறம் பார்த்துப் பிரித்து வைத்த நிர்வாகத்தை என்னவென்று சொல்வது! பிரெய்லில் இசைக்குறிப்பு படித்தால் ஒரு கை எழுத்தைத் தடவ, இன்னொரு கை வாசிக்க வேண்டும். அப்படித்தான் கற்றார். பதினான்கு வயதில் தாயும் போய்விட்டார்.

இதற்கு நடுவே சனிக்கிழமை இரவுகளில் வானொலியில் ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’. நாஷ்வில்லில் இருந்து வரும் கன்ட்ரி இசை நிகழ்ச்சி. சிறுவன் ரே அதை விடாமல் கேட்டான். வானொலிப் பெட்டிக்குப் பள்ளிக்கூட விதி தெரியாது. 1940-களின் கடைசியில் டாம்பா நகரில் ‘ஃபுளோரிடா பிளேபாய்ஸ்’ என்ற வெள்ளைக்கார ஹில்பில்லி குழுவில் பியானோ வாசித்துக் காசு சம்பாதித்தார். தொண்டையை உடைத்துப் பாடும் யோடலிங்கும் அங்கேதான் பழகினார். ஆகவே 1962-ல் அவர் திடீரென்று கன்ட்ரிக்கு ‘மாறினார்’ என்று எழுதுகிறவர்களை நம்பாதீர்கள். பழைய வீட்டுக்குத் திரும்பிப் போனார், அவ்வளவுதான்.

1959-ல் ஏபிசி-பாராமவுண்ட் கம்பெனியுடன் அவர் போட்ட ஒப்பந்தம், பதிவுகளின் உரிமை அவருக்கே வரும்படி இருந்தது. அந்தக் காலத்தில் கறுப்பரோ வெள்ளையரோ, அநேகமாக யாருக்கும் கிடைக்காத சலுகை. அந்தத் தெம்பில் 1962 தொடக்கத்தில் தயாரிப்பாளர் சிட் ஃபெல்லரைக் கூப்பிட்டு, நல்ல கன்ட்ரி பாட்டுகளாகத் திரட்டச் சொன்னார். இருக்கிற ரசிகர்களும் ஓடிவிடுவார்கள் என்று கம்பெனியில் பயந்தார்கள். ரே பன்னிரண்டு பாட்டுகளைத் தேர்ந்தெடுத்தார். ஹேங்க் வில்லியம்ஸின் பாட்டுகள் இருந்தன, டான் கிப்சன் இருந்தார். பிடிலும் ஸ்டீல் கிதாரும் ஓரங்கட்டப்பட்டன. இசைக்கோப்புக்கு வந்தவர்கள் ஜெரால்ட் வில்சன், கில் ஃபுல்லர், மார்ட்டி பெய்ச். மூவருமே ஜாஸ்காரர்கள். ஃபுல்லர், டிஸ்ஸி கில்லெஸ்பியின் பெரிய குழுவுக்கு எழுதியவர். நாஷ்வில் எழுதிய வரிகள், பிக் பேண்ட் முழக்கம், தேவாலயத்தில் இருந்து நேரே வந்தது போன்ற குரல். ‘மாடர்ன் சவுண்ட்ஸ் இன் கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன் மியூசிக்’ என்று தலைப்பே அலமாரியின் பெயரைச் சொல்லி அதைக் கிண்டல் செய்தது.

தட்டின் கடைக்கோடியில், பதினோராவதாக வைத்திருந்த பாட்டு ‘ஐ கான்ட் ஸ்டாப் லவ்விங் யூ’. நடிகர் டாப் ஹண்டர் அதே இசைக்கோப்பைப் பார்த்துப் பாடித் தனித்தட்டாக வெளியிட, ஏபிசி பதறிப்போய் ரேயின் பாட்டைச் சுருக்கி அவசரமாகக் கடைக்கு அனுப்பியது. பாப் பட்டியலில் ஐந்து வாரம் முதலிடம். முழுத் தட்டு பதினான்கு வாரம் முதலிடம். கன்ட்ரி பட்டியல்? அந்தப் பாட்டை உள்ளேயே விடவில்லை. கிராமி விருது கொடுத்தார்கள். எந்தப் பிரிவில் என்கிறீர்கள்? சிறந்த ரிதம் அண்ட் ப்ளூஸ் பதிவு! பாட்டு எதுவாக இருந்தால் என்ன, பாடியவரின் தோலைப் பார்த்துத்தான் அலமாரி. இதைவிடத் தெளிவாக அதை யாரும் ஒப்புக்கொண்டதில்லை.

இதே ரே சார்ல்ஸ் 1961-ல் ஜார்ஜியாவின் ஆகஸ்டாவில், நடன அரங்கில் கறுப்பர்களைப் பிரித்து வைக்கிறார்கள் என்று தெரிந்ததும் கச்சேரியை ரத்து செய்தார். அபராதம் விழுந்தது. அதற்காக மாநிலத்துக்குள்ளேயே நுழையக் கூடாது என்று தடை போட்டதாக 2004-ல் வந்த திரைப்படம் காட்டுகிறது. அது சினிமா. அப்படி ஒரு தடை இருந்ததில்லை. அவர் பாடிப் புகழ்பெற வைத்த ‘ஜார்ஜியா ஆன் மை மைண்ட்’ 1979-ல் மாநிலப் பாடல் ஆனது மட்டும் நிஜம்.

இப்போது கோல்ட்ரேனிடம் போவோம். நியூ ஜெர்சியின் எங்கல்வுட் கிளிஃப்ஸ் என்ற ஊரில், ரூடி வான் கெல்டர் 1959-ல் கட்டிய ஒலிப்பதிவுக் கூடம். உயர்ந்த மரக்கூரை, உள்ளே போனால் தேவாலயம் போல இருக்கும். அடிப்படையில் அவர் கண் பரிசோதகர், பகலில் கண்ணாடி, இரவில் ஒலிப்பதிவு என்று பல வருடம் ஓட்டியவர். 1960 டிசம்பர் கடைசியில் ரே சார்ல்ஸ் அங்கே வந்தார். ஏபிசி-பாராமவுண்ட் புதிதாகத் தொடங்கிய இம்பல்ஸ் என்ற ஜாஸ் கிளைக்காக ‘ஜீனியஸ் + சோல் = ஜாஸ்’ தட்டு. பெரும்பாலும் பாடாமல் ஹேமண்ட் ஆர்கன் வாசித்தார். பின்னால் கவுண்ட் பேஸி குழுவினர். பேஸி குழுவின் டெனர் சாக்ஸபோன்காரர் ஃப்ராங்க் ஃபாஸ்டர் பிறந்ததும் 1928 செப்டம்பர் 23 என்பதைப் போகிறபோக்கில் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு மாதம் கழித்து அதே கூடத்துக்கு, அதே கம்பெனிக்காக, அதே தயாரிப்பாளர் கிரீட் டெய்லரிடம் கோல்ட்ரேன் வந்து ‘ஆப்பிரிக்கா/பிராஸ்’ பதிவு செய்தார். இம்பல்ஸ் வரிசையில் ரேயின் தட்டு இரண்டாம் எண், கோல்ட்ரேனுடையது ஆறு. ‘ஐ கான்ட் ஸ்டாப் லவ்விங் யூ’ விற்ற பணமும் கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’ விற்ற பணமும் கடைசியில் ஒரே கல்லாவில்தான் விழுந்தன.

கோல்ட்ரேனைச் சாமியாராகவே பார்த்துப் பழகிவிட்டோம். 1957-ல் ஹெராயினை ஒரேயடியாக விட்டொழித்தது, 1964 டிசம்பரில் வான் கெல்டர் கூடத்தில் ‘எ லவ் சுப்ரீம்’, 1967-ல் நாற்பது வயதிலேயே கல்லீரல் புற்றுநோய். எல்லாம் சரி. ஆனால் பிலடெல்ஃபியாவில் அவர் வயிற்றுப்பாட்டுக்கு ரிதம் அண்ட் ப்ளூஸ் குழுக்களில் வாசித்த வருடங்களை நான் விடமாட்டேன். அங்கே சாக்ஸபோன்காரர் மதுக்கடை மேசை மேல் ஏறி, கோப்பைகளுக்கு நடுவே நடந்துகொண்டே வாசிக்க வேண்டும். கூட்டம் கைதட்டும். ஒருநாள் அப்படி வாசித்துக்கொண்டிருந்தபோது நண்பர் பென்னி கோல்சன் உள்ளே வந்துவிட்டார், கோல்ட்ரேனுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது என்று கோல்சனே பிற்பாடு சொல்லியிருக்கிறார். கூச்சப்பட்டிருக்கத் தேவையில்லை என்பது என் கட்சி. கடைசிக் காலத்தில் அந்த சாக்ஸபோனில் வந்த அலறலின் ஒரு வேர் அந்த மேசை மேலேதான் இருக்கிறது.

1961 நவம்பரில் நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்டில் அவர் ‘இந்தியா’ என்றே ஒரு படைப்பை வாசித்தார். கூடவே சக ஜாஸ்காரர் எரிக் டால்ஃபி. கோல்ட்ரேன் காலமான பிறகு மனைவி ஆலிஸ் இந்தியாவுக்கு இன்னும் நெருங்கி வந்தார். அவர் குருவாக ஏற்ற சுவாமி சச்சிதானந்தா, கோவைப் பக்கத்துச் செட்டிபாளையத்துக்காரர். 1969-ல் வுட்ஸ்டாக் ராக் விழாவைத் தொடக்கிவைத்துப் பேசிய அதே காவிச் சாமியார். 1971-ல் வந்த ஆலிஸின் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’ தட்டில் தம்புரா சுருதிக்கு மேல் ஆலிஸின் ஹார்ப் தவழ்கிறது. நம்மூர்க்காரர் பெயர் தாங்கிய ஜாஸ் தட்டு, வெளியிட்டது இம்பல்ஸ்.

டால்ஃபி பெயரைச் சொன்னதும் ஸ்பிரிங்ஸ்டீனுக்கு வழி திறக்கிறது. டால்ஃபியின் ‘அவுட் டு லஞ்ச்’ தட்டில் பாஸ் வாசித்த ரிச்சர்ட் டேவிஸ்தான் 1975-ல் ‘பார்ன் டு ரன்’ தட்டில் ‘மீட்டிங் அக்ராஸ் தி ரிவர்’ பாட்டுக்கும் பாஸ். டிரம்பெட் ராண்டி பிரெக்கர், அவரும் ஜாஸ்காரர்தான். அந்தத் தட்டின் அட்டையில் ஸ்பிரிங்ஸ்டீன் சாய்ந்து நிற்பது சாக்ஸபோன்காரர் கிளாரன்ஸ் கிளெமன்ஸ் தோளில். அதே வருட அக்டோபரில் ‘டைம்’, ‘நியூஸ்வீக்’ இரண்டும் ஒரே வாரத்தில் அவர் படத்தை அட்டையில் போட்டன. அந்த ஆரவாரம் எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. 1982-ல் வந்த ‘நெப்ராஸ்கா’தான் இந்தத் தொடருக்கு வேண்டியது. ஹேங்க் வில்லியம்ஸையும் நாட்டுப்புறப் பாடகர் உடி கத்ரியையும் உள்வாங்கிக்கொண்டிருந்த காலம். கோல்ட்ஸ் நெக் ஊரில் வாடகை வீட்டில், நாலு டிராக் கேசட் கருவியில், கிதாரோடு தனியாகப் பாடினார். பிறகு முழுக் குழுவை வைத்துப் பதிந்து பார்த்தார்கள், கேசட்டில் இருந்த உயிர் வரவில்லை. பையில் போட்டுக்கொண்டு திரிந்த அந்தக் கேசட்டையே தட்டாக வெளியிட்டார்கள். மறுவருடமே கன்ட்ரி உலகின் ஜானி கேஷ் அதிலிருந்து இரண்டு பாட்டுகளைப் பாடினார், தன் தட்டுக்கே அதில் ஒன்றின் பெயரை வைத்தார்: ‘ஜானி 99’. ரேயின் பயணம் வந்த பாதையில் எதிர்த்திசைப் பேருந்து.

1985 ஜனவரி 28 இரவு, ஹாலிவுட்டின் ஏ அண்ட் எம் கூடம். எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்ட ‘வி ஆர் தி வேர்ல்ட்’. நடத்துகிறவர் குவின்சி ஜோன்ஸ். பதின்வயதில் சியாட்டிலில் ரே சார்ல்ஸோடு கூடித் திரிந்த அதே குவின்சி. முந்தின இரவுதான் சிரக்யூசில் சுற்றுப்பயணக் கச்சேரியை முடித்திருந்த ஸ்பிரிங்ஸ்டீன் தொண்டை கட்டிய குரலில் பாடுகிறார். ரே பாடுகிறார். சென்ற வார நாயகர் வில்லி நெல்சனும் அங்கேதான் நிற்கிறார். அப்போது ரேயும் வில்லியும் சேர்ந்து பாடிய ‘செவன் ஸ்பானிஷ் ஏஞ்சல்ஸ்’ வானொலியில் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு மாதத்தில் அது கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1962-ல் அடைத்த கதவு, 23 வருடம் கழித்து.

நாஷ்வில் அதற்கு மேலும் அவசரப்படவில்லை. ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபம் 1986-ல் தன் முதல் வரிசையிலேயே ரேயைச் சேர்த்துக்கொண்டது. கன்ட்ரி இசையின் புகழ்மண்டபத்துக்கு 2022 வரை நேரம் பிடித்தது. அவர் காலமாகிப் பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதே தேதியில் 1939-ல் பிறந்த கிதார்காரர் ராய் பியூக்கனனுக்கு இங்கே இடம் போதவில்லை. டெலிகாஸ்டர் கிதாரில் கன்ட்ரியையும் ப்ளூஸையும் அழவைத்தவர், 1988-ல் ஒரு சிறைக் கொட்டடியில் முடிந்துபோனவர். தனியாகவே எழுத வேண்டும்.

1965-ல் பிறந்த மகனுக்கு கோல்ட்ரேன் வைத்த பெயர் ரவி. சிதார் மேதை ரவிசங்கரின் பெயர்தான். ரவி கோல்ட்ரேனும் இன்று சாக்ஸபோன் வாசிக்கிறார். ரவிசங்கர் பிறந்தது ஏப்ரல் 7. அதே ஏப்ரல் 7-ல் பிறந்தவர்கள் ஜாஸில் பில்லி ஹாலிடே, கன்ட்ரியில் பாபி பேர், ராக்கில் ‘ஜெஃபர்சன் ஏர்பிளேன்’ டிரம்மர் ஸ்பென்சர் டிரைடன். அடுத்த வாரம் அவர்கள்.

(தொடரும்)