மழையில் மறையும் படம்: விற்பவர் சொல்ல வேண்டியவை

மழை பிடித்தால் டி.டி.எச். விற்கும் நம் கடைகளுக்குப் புகார்கள் குவியும். 'புதிய ரிக்கார்டர் பெட்டி வாங்குங்கள், சரியாகிவிடும்' என்று விற்றுவிடுவது எளிது. ஆனால் அது உண்மையன்று.

டி.டி.எச். சிக்னல் கே.யு. பேண்டில், சுமார் 11, 12 கிகாஹெர்ட்சில் வருகிறது. கனமழை அதனை உறிஞ்சிவிடும். 4 கிகாஹெர்ட்சை ஒட்டிய சி பேண்டுக்கு, அதாவது கேபிள்காரர்களின் பெரிய டிஷ்ஷுக்கு, இப்பாதிப்பு குறைவு. எந்தப் பெட்டியும் கனமழையை வெல்லாது. தூறலிலேயே படம் நின்றால் முதலில் டிஷ்ஷைப் பார்க்க வேண்டும்: திசை விலகியிருக்கலாம், கனெக்டரில் நீர் புகுந்திருக்கலாம்.

பெட்டி மாற்றுவோரிடம் இன்னொன்றும் சொல்லிவிடுவோம். பழைய ரிக்கார்டரில் பதிந்தவை பெரும்பாலும் அந்தப் பெட்டியில் மட்டுமே ஓடும். பார்த்து முடித்தபின் மாற்றுவது நல்லது.

இன்று ஒரு விற்பனை குறையலாம். வாடிக்கையாளர் நம்மை விட்டுப் போகமாட்டார்.