யாழ்ப்பாணத்தில் பக்கம் மாறும் நிழல்

யாழ்ப்பாணத்தில் வீட்டு முற்றத்தில் ஒரு மீற்றர் உயரமான தடியை நேராக நட்டுப் பாருங்கள். ஜூன் 21 அளவில், சூரியன் உச்சிக்கு வரும்போது தடியின் நிழல் தெற்கே விழும். ஏறக்குறைய 25 சென்ரிமீற்றர். டிசெம்பர் 22 அளவில் அதே உச்சி நேர நிழல் வடக்கே விழுந்து 65 சென்ரிமீற்றராக நீண்டிருக்கும். சூரியன் வடகோடிக்கும் தென்கோடிக்கும் போய்த் திரும்பும் நாட்கள் இவை.

ஜூன் என்றால் கோடை, டிசெம்பர் என்றால் குளிர் என்பது ஐரோப்பாவுக்குச் சரி. குடாநாட்டில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுத்தான் கூடுதல். சூரியன் தலைக்கு நேரே வருவதோ ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் இறுதியிலும். ஏப்ரல் வெயிலைப் பற்றி யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்லவும் வேண்டுமா? இங்கே பருவத்தை அறிவிப்பது காற்று: ஜூனில் சோளகம், டிசெம்பரில் மழையோடு வாடை.

அப்படியானால் இந்த நாட்களால் நமக்கென்ன? அஸரைக் கவனியுங்கள். ஷாஃபி மத்ஹபின்படி, உச்சி நேர நிழலைக் கழித்துவிட்டு, மிகுதி நிழல் பொருளின் உயரத்துக்குச் சமமாகும்போதே வக்து நுழைகிறது. நமது தடிக்கு ஜூனில் 125, டிசெம்பரில் 165 சென்ரிமீற்றர். டிசெம்பரில் நிழல் ஒரு மீற்றரானதும் தக்பீர் கட்டிவிட்டால், வக்துக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் முந்தித் தொழுததாகிவிடும்!