இல்லத்தில் எரிவாயு



அடுப்பு மூட்டுவது ஒரு காலத்தில் பெரிய காரியமாக இருந்தது. விறகும் வறட்டியும் அடுக்கி, ஊதுகுழலால் ஊதி, கண் கலங்கிய பின்னரே உலை வைக்க முடியும். இன்று பெரும்பாலான இல்லங்களில் அத்தொல்லை ஒழிந்தது. குமிழைத் திருப்பினால் நெருப்பு வருகிறது. இவ்வளவு எளிதில் வருவதாலேயே, அதன் இயல்பை ஆராயாமல் இருந்துவிடுகிறோம்.

குளிர் மிகுந்த மேனாடுகளில், வீடு முழுவதையும் வெதுவெதுப்பாக வைத்திருக்க வாயு உலை அமைப்பார்கள். அதனை அமைக்கும் தொழிலாளி முதலில் மூன்று கேள்விகளை ஆராய்வான். வாயு கசிந்தால் எங்கே போய்ச் சேரும்? நெருப்புக்கு வேண்டிய காற்று எவ்வழியாக வரும்? எரிந்தபின் எஞ்சும் வாயுக்கள் எவ்வழியாக வெளியேறும்? வெப்பம் மிகுந்த நம் ஊரில் அத்தகைய உலை தேவையில்லை. ஆயினும் இம்மூன்று கேள்விகளும் நம் சமையலறைக்கும் குளியலறைக்கும் அப்படியே பொருந்தும்.

மாதவரம் வட்டாரத்தில் வாழ்வோருக்கு எரிவாயு அயலான பொருளன்று. அண்டையிலுள்ள மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. கச்சா எண்ணெயைப் பிரிக்கும்போது கிடைக்கும் பொருள்களுள் ஒன்றே சிலிண்டரில் நாம் பெறும் வாயு. எண்ணூர்த் துறைமுகத்தில் 2019ஆம் ஆண்டு முதல், கடுங்குளிரில் திரவமாக்கப்பட்ட இயற்கை எரிவாயு கப்பல்களில் வந்து இறங்குகிறது. ஆகவே, வாயுக்கள் இருவகை என்பதை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும்.

சிலிண்டர் வாயு, புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரண்டின் கலவை. அழுத்தத்தினால் திரவமாகி உள்ளே அடங்கியிருக்கிறது. வீட்டுச் சிலிண்டர் ஒன்றில் 14.2 கிலோ வாயு உண்டு. வெளிப்பட்டால், ஒரு படித் திரவம் ஏறத்தாழ 250 படி ஆவியாக விரியும். அந்த ஆவி காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. ஆகையால் அது மேலே எழாது. தண்ணீரைப்போல் தரையோடு பரவிப் பள்ளத்தில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே தீப்பற்றும். இயல்பில் அதற்கு மணமில்லை. கசிவு நமக்குத் தெரிய வேண்டுமென்றே மெர்காப்டன் என்னும் துர்நாற்றப் பொருளைச் சேர்க்கிறார்கள். அந்த நாற்றம் ஓர் எச்சரிக்கை மணி.

இவ்வியல்பை அறிந்தால், பொருத்தும் முறை தானே விளங்கும். சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தியே நிறுத்த வேண்டும். படுக்க வைத்தால் ஆவிக்குப் பதில் திரவமே வெளிவரும். தரைமட்டத்திற்குக் கீழான இடத்திலோ, காற்றுப் புகாத அலமாரியிலோ வைத்தல் ஆகாது. அடுப்பு மேடைமீது, சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும். இராயபுரம், திருவொற்றியூர் போன்ற பகுதிகளில், ஒரே அறையில் சமையலும் பூசையும் நடைபெறும் சிறு வீடுகள் பல. அங்கே சாமி படத்தின்முன் தாழ எரியும் விளக்கு, சிலிண்டரின் அருகில் இருத்தல் கூடாது. தரையோடு வரும் வாயு முதலில் சென்று தொடுவது அந்தச் சுடரைத்தான். தானாக இயங்கி நிற்கும் குளிர்ப்பெட்டியும் மின்பொறியை உண்டாக்கக் கூடுமாதலால், அதனையும் தள்ளி வைப்பதே நன்று.

அடுத்தது குழாய். எஃகுக் கம்பி உள்ளே வேய்ந்த, ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற குழாயே ஏற்றது. அது ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளலாகாது; சுவரைத் துளைத்துச் செல்லலாகாது; முழுவதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வெடிப்பு இல்லாவிடினும் ஐந்தாண்டுக்கொரு முறை மாற்றிவிட வேண்டும். சிலிண்டர் வந்தவுடன் அதன் கைப்பிடியைத் தாங்கும் பட்டையில் உள்ள எழுத்தைப் பாருங்கள். ஏ, பி, சி, டி என்பன ஆண்டின் நான்கு காலாண்டுகள். அடுத்த எண் ஆண்டு. அந்தக் கெடு கடந்த சிலிண்டரை ஏற்க வேண்டாம். ரெகுலேட்டரைப் பொருத்தியபின் மூட்டுகளில் சோப்பு நீரைத் தடவுங்கள். குமிழி எழுந்தால் கசிவு உண்டு. தீக்குச்சி கொளுத்திச் சோதிப்பது பேதைமை.

இனி இரண்டாவது, மூன்றாவது கேள்விகள். நெருப்பு பிராணவாயுவை உண்டு வாழ்வது. போதிய காற்றுக் கிடைத்தால் சுடர் நீலமாக எரியும். கிடைக்காவிடில் மஞ்சளாகும், பாத்திரம் கரி பிடிக்கும், கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுவாயு தோன்றும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. பிராணவாயுவைவிட இருநூறு மடங்கிற்கும் மேலான பற்றுடன் அது இரத்தத்தோடு ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், குமட்டல் எனத் தொடங்கி, துணையை அழைக்கும் வலிமையையும் பறித்துவிடும்.

இங்கே வாயுவால் வெந்நீர் தரும் கீஸரைப் பற்றிச் சொல்வது கடமையாகிறது. சன்னல் சாத்திய சிறு குளியலறைக்குள் அதனை மாட்டி, கதவைத் தாழிட்டுக் குளித்தவர்கள் உயிரிழந்த செய்திகள் நம் நாட்டில் பலமுறை வந்துள்ளன. கருவி பழுதின்றி இருந்தாலும், அடைத்த அறையில் அது நஞ்சை உண்டாக்கும். ஆதலின், கீஸரைக் குளியலறைக்கு வெளியே, திறந்த இடத்தில் அமைத்து, வெந்நீரை மட்டும் குழாய் வழியே உள்ளே கொண்டுவர வேண்டும். அதற்கு இடமில்லையேல் அக்கருவி அவ்வீட்டிற்கு உரியதன்று.

குழாய் வழியே வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட இலேசானது. கசிந்தால் கூரையடியில் சேரும். ஆகவே, சிலிண்டருக்குத் தரையோரத் திறப்பு எவ்வளவு தேவையோ, இதற்கு மேற்பகுதித் திறப்பு அவ்வளவு தேவை. இருவகை வாயுவுக்கும் பர்னரின் துளை அளவு வேறு. பழைய அடுப்பைப் புதிய இணைப்பில் நாமே மாட்டாமல், வாயு நிறுவனத்தின் மெக்கானிக்கைக் கொண்டு மாற்றிக்கொள்ள வேண்டும்.

வடசென்னைக்கென்று தனியே ஓர் எச்சரிக்கை. 2015, 2023 ஆகிய ஆண்டுகளின் டிசம்பர் வெள்ளங்களில் தாழ்வான வீடுகளில் நீர் புகுந்ததை அறிவோம். நிறைந்த சிலிண்டரின் எடை ஏறத்தாழ 30 கிலோ. ஆனால் அதன் கொள்ளளவு 33 லிட்டருக்கும் மேல். எனவே அது மிதக்கும்; மிதக்கும்போது குழாயை இழுத்து அறுத்துவிடும். நீர் ஏறும் அறிகுறி தெரிந்தவுடன் ரெகுலேட்டரைக் கழற்றி, நூலில் தொங்கும் மூடியை வாயில் மாட்டி, சிலிண்டரை உயரத்தில் ஏற்றுங்கள். நீரில் நனைந்த ரெகுலேட்டரைச் சோதியாமல் மீண்டும் பொருத்தாதீர்கள்.

இவ்வளவுக்கும் பின்னர் நாற்றம் வந்தால் செய்ய வேண்டியது என்ன? மின்விளக்கைப் போடவும் வேண்டாம். எரிவதை அணைக்கவும் வேண்டாம். எரியும் சுடர்களை அணைத்து, ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, அனைவரும் வெளியேறுங்கள். வெளியே வந்தபின் 1906 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அறிவியுங்கள்.

இரவு படுக்குமுன் தெருக்கதவைத் தாழிடாத வீடு உண்டோ? அவ்வேளையில் ரெகுலேட்டரையும் மூடும் பழக்கத்தை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும், குழந்தைகள் உட்பட, கற்றுக்கொள்ளட்டும். அதற்குச் செலவில்லை, ஒரு நொடி போதும்.