எடிட்டர் நாற்காலியில் இளசுகள்!

'டி.எம்.வி. 7' என்றால் என்ன? டி.வி. சேனலும் இல்லை, புது பைக்கும் இல்லை பாஸ்! அது ஒரு வேர்க்கடலை ரகம். நம்ம விழுப்புரம் பக்கத்து பாஷையில் மல்லாட்டை. டி.எம்.வி. என்பது திண்டிவனத்தின் சுருக்கம். அங்கே இருக்கும் எண்ணெய் வித்துக்கள் ஆராய்ச்சி நிலையம் தந்த ரகங்களுக்கு ஊர்ப் பெயரையே சூட்டிவிட்டார்கள்.

ஒரு ரகம் நல்லா விளையுதுன்னு வெளியுலகத்துக்குச் சொல்ல, ஆராய்ச்சிக் கட்டுரை எழுதணும். அதைச் சரிபார்த்து வெளியிட ஒரு ஜர்னல் வேணும். தமிழ்நாட்டு விவசாய ஆராய்ச்சிகளை வெளியிட்டு வரும் 'மெட்ராஸ் அக்ரிகல்சுரல் ஜர்னல்' அப்படிப்பட்ட ஒன்று. 1910-களில் கோவையில் அதை ஆரம்பித்தது யார் தெரியுமா? மெட்ராஸ் விவசாய மாணவர் சங்கம். ஆமாம், மாணவர் சங்கமேதான்!

அப்புறம் ஏன் ஜர்னல் எடிட்டர் என்றதும் நரைத்த தலையும் தடித்த கண்ணாடியும் மட்டும் ஞாபகத்துக்கு வருது?

எடிட்டர் என்ன செய்வார்?

கட்டுரை வந்ததும், அது தன் இதழுக்குப் பொருந்துமா, எங்கிருந்தாவது சுட்டதா என்று பார்ப்பார். பிறகு அதே துறை தெரிந்த இரண்டு மூன்று பேருக்கு அனுப்புவார். அவர்கள்தான் ரெவ்யூவர்கள். பெரும்பாலும் சம்பளம் கிடையாது. சோதனை சரியா, கணக்கு சரியா, சொல்லும் முடிவுக்கு ஆதாரம் போதுமா என்று அலசி ரிப்போர்ட் தருவார்கள். அதைப் பார்த்து எடிட்டர் ஏற்பார், திருத்தச் சொல்வார், இல்லைன்னா திருப்பி அனுப்பிடுவார்.

இந்த வேலையை இளைஞர்களும் கலக்கலாகச் செய்கிறார்கள். 1997-ல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் 'ஜர்னல் ஆஃப் யங் இன்வெஸ்டிகேட்டர்ஸ்' என்ற இதழைத் தொடங்கினார்கள். எழுதுவதும் மாணவர்கள், எடிட் செய்வதும் மாணவர்கள்! 2018-ல் பிரிட்டனில் தொடங்கிய 'ப்ரீலைட்ஸ்' திட்டத்தில், இன்னும் ஜர்னலில் வராத உயிரியல் கட்டுரைகளைப் படித்து, எது முக்கியம், ஏன் முக்கியம் என்று எழுதுபவர்கள் இளம் ஆராய்ச்சியாளர்கள்தான்.

ஆனால், இதில் ஒரு வருத்தமும் இருக்கு. 'இ-லைஃப்' இதழில் 2019-ல் ஒரு சர்வே வெளியானது. அதில் பதில் சொன்ன இளம் ஆராய்ச்சியாளர்களில் சுமார் பாதிப் பேர், பெரியவர்களுக்காக ரெவ்யூ எழுதிக் கொடுத்தும் தங்கள் பெயர் எடிட்டருக்குப் போகவில்லை என்றார்கள். உழைப்பு இவருடையது, பெயர் அவருடையது!

வலை விரிக்கும் மெயில்!

'மதிப்புக்குரிய டாக்டர் அவர்களே, எங்கள் எடிட்டோரியல் போர்டில் சேருங்கள்' என்று எம்.எஸ்சி. படிக்கிறவருக்கே மெயில் வருதா? உஷார்!

போலந்து ஆராய்ச்சியாளர்கள் சிலர் ஒரு வேலை செய்தார்கள். 'அன்னா ஓ. ஷுஸ்ட்' என்று உலகத்தில் இல்லாத ஒரு பெண் விஞ்ஞானியை உருவாக்கி, 360 ஜர்னல்களுக்கு எடிட்டர் வேலை கேட்டு விண்ணப்பித்தார்கள். எடிட்டிங் அனுபவம் பூஜ்யம். 48 ஜர்னல்கள் வேலை கொடுத்துவிட்டன! போலிஷ் மொழியில் 'ஓஷுஸ்ட்' என்றால் மோசடிப் பேர்வழி என்று அர்த்தம். 2017-ல் 'நேச்சர்' இதழில் இந்தக் கதை வெளியானபோது பல முகமூடிகள் கிழிந்தன. எடிட்டரே டுபாக்கூர் என்றால் அந்த ஜர்னலில் வரும் கட்டுரைக்கு என்ன மரியாதை?

இது போலந்துக் கதை மட்டுமில்லை. 2018 மே மாதம் யு.ஜி.சி. தன் அங்கீகாரப் பட்டியலில் இருந்து 4,305 இதழ்களைத் தூக்கியது. 2019-ல் 'கேர்' பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் நிறுத்துவதாக அறிவித்து, நல்ல இதழ் எது என்று பார்க்கும் பொறுப்பைக் கல்வி நிறுவனங்களிடமே விட்டுவிட்டது.

அதாவது, பட்டியலைப் பார்த்து டிக் அடிக்கிற காலம் போயாச்சு. காசு வாங்கிக்கொண்டு மூணே நாளில் 'உங்கள் கட்டுரை ஏற்கப்பட்டது' என்று சொல்லும் போலி ஜர்னலில் மாட்டினால், பணம் மட்டும் போகாது. பல வருட உழைப்பும் குப்பைக்குப் போகும். ஊரிலேயே முதல் ஆளாக பி.எச்டி. வரை வந்த பிள்ளைக்கு இது சின்ன அடியா?

நீங்க என்ன செய்யலாம்?

எடிட்டரின் கண் இருந்தால் ஏமாற மாட்டோம். அந்தக் கண்ணுக்குப் பயிற்சி கொடுக்க வழி இருக்கு.

* வாரம் ஒரு நாள் 'ஜர்னல் கிளப்' நடத்துங்க. விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியோ, திண்டிவனம் கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியோ, ஒரு காலி வகுப்பறை போதும். ஒரு கட்டுரை, ஆளுக்கு ஒரு கேள்வி.

* கட்டுரையை நம்மூரிலேயே தேடுங்க. திருவக்கரை கல்மரங்களுக்கு வயது சுமார் 2 கோடி ஆண்டுகள் என்கிறார்களே, எப்படிக் கணக்குப் போட்டார்கள்? புது மல்லாட்டை ரகம் அதிகம் விளையும் என்றால் எத்தனை வயலில், எத்தனை பருவம் சோதித்தார்கள்? ரெவ்யூவர் கேட்பதும் இதே மாதிரிக் கேள்விகள்தான்.

* பி.எச்டி. செய்பவரா? 'அடுத்த ரெவ்யூவில் நானும் உதவட்டுமா சார்?' என்று கைடிடம் கேளுங்க. உங்கள் பெயரையும் எடிட்டருக்குத் தெரிவிக்கச் சொல்லிப் பணிவாகக் கேட்பதில் தப்பே இல்லை. கட்டுரை ரகசியம். நண்பர்களிடம் காட்டக் கூடாது.

* எடிட்டர் பதவி தேடி வந்தால், போர்டில் இருப்பவர்களின் பெயரை அவரவர் கல்லூரி இணையதளத்தில் சரிபாருங்க. 'திங்க், செக், சப்மிட்' என்ற இலவச இணையதளத்தில் கேள்விப் பட்டியலே இருக்கு.

கோவையில் அன்று ஒரு மாணவர் சங்கம் தொடங்கிய ஜர்னல் நூறு ஆண்டைத் தாண்டி நிற்குது. உங்க டிபார்ட்மென்ட்டில் ஒரு ஜர்னல் கிளப் தொடங்க அஞ்சு ஃப்ரெண்ட்ஸ் கிடைக்க மாட்டாங்களா என்ன? அடுத்த வாரமே ஆரம்பிச்சிடுங்க!